கத்ரீனா போன்ற புயலில் வீடும் வேலையும் போன ஆசிரியர்களுக்கு நோட்டு, புத்தகம் அனுப்பினால் போதுமா?

போதாது. வகுப்பறையே இல்லாதவருக்கு நோட்டுக் கட்டு எதற்கு? 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா அடித்து, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியம் முதலில் ஊழியர்களைச் சம்பளமில்லாத விடுப்பில் வைத்தது. நவம்பரில் மாநில அரசு சட்டம் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. கடைசியில் ஆசிரியர்கள் உட்பட சுமார் 7,500 பேருக்கு வேலை போனது. பணிநீக்கக் கடிதங்களில் பல, வெள்ளத்தில் அழிந்த வீடுகளின் முகவரிக்கே போயின.

அதனால் முதல் வேலை முகவரிதான். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்தால் ஒரு வருடத்துக்குக் கடிதங்களைப் புது முகவரிக்கு அனுப்புவார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. பள்ளி வாரியம், காப்பீட்டு நிறுவனம், ஓய்வூதிய அமைப்பு, ஆசிரியர் சங்கம் ஆகிய நான்குக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராக மாறுகிறவருக்கு உங்கள் முகவரியையே கொடுத்து, வருகிற கடிதத்தைப் பிரித்துப் போனில் படித்துக் காட்டுங்கள். பைசா செலவில்லாத உதவி இது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், காப்பீடு. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனபின் அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் 60 நாளுக்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். முழுப் பிரீமியமும் நிர்வாகச் செலவு 2 சதவீதமும் கைக்காசு. சர்க்கரை நோய், டயாலிசிஸ் என்று இருக்கிற வீட்டுக்கு அந்தப் பிரீமியத்தைச் சில மாதம் கட்டிக் கொடுப்பது பத்துப் பெட்டி துணியைவிடப் பெரிய உதவி.

சம்பளமில்லாத விடுப்பில் இருப்பவர் “இன்னும் வேலையில்தானே இருக்கிறேன்” என்று வேலையின்மைப் படிக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவார். சம்பளம் நின்றாலே விண்ணப்பிக்கலாம். லூசியானாவில் அப்போது அது வாரத்துக்கு அதிகபட்சம் 258 டாலர்தான். வழக்கமான படிக்குத் தகுதி இல்லாதவர்களுக்குப் பேரிடர் வேலையின்மைப் படி உண்டு. வழக்கமாக 26 வாரம், கத்ரீனாவுக்காக 2006-இல் 39 வாரமாக நீட்டினார்கள்.

பெரிய இழப்பு நடக்கிற இடம் ஓய்வூதியம். லூசியானா ஆசிரியர்கள் பெரும்பாலும் மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் இல்லை. மாநில ஆசிரியர் ஓய்வூதியமே முதுமைக்கு ஆதாரம். கைக்காசு தீர்ந்தவுடன் “கட்டியதை எடுத்துவிடலாம்” என்று தோன்றும். எடுத்தால் அவர் கட்டிய 8 சதவீதப் பங்கு மட்டும் கைக்கு வரும், சேவைக் காலம், அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கிடும் வேலை வருடங்கள், முழுவதும் அழியும். கத்ரீனாவுக்காகச் சேமிப்பை முன்கூட்டி எடுப்பதற்கான 10 சதவீத வரித் தண்டனையை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. பலருக்கு அது பச்சைக்கொடி போலத் தெரிந்திருக்கும். தண்டனை போனதால் மட்டும் சேவைக் காலம் தானாகத் திரும்பாது. உங்களிடம் பணம் இருந்தால் இந்த இடத்தில் கொடுங்கள்: ஓய்வூதியப் பணத்தை எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மூன்று நான்கு மாதம் தாக்குப்பிடிக்க.

வேலை தேடும்போது சான்றிதழ் நனைந்துபோனது பெரிய தடையல்ல. உரிமம் கொடுப்பது மாநிலக் கல்வித்துறை, பதிவு மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் இருக்கிறது. சர்வீஸ் கணக்குதான் சிக்கல். எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று பழைய வாரியம் எழுதிக் கொடுக்காவிட்டால் புதிய ஊரில் ஆரம்பச் சம்பளத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓய்வூதிய அமைப்பின் வருடாந்திர அறிக்கையில் சேவைக் காலம் இருக்கும். சம்பள ரசீதுகளையும் வருமான வரிப் படிவங்களையும் சேர்த்துக் காட்டலாம்.

வழக்கை நம்பிக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். பணிநீக்கம் தவறு என்று 2012-இல் ஆசிரியர்கள் ஜெயித்தார்கள். சங்கம் முன்பே செய்துகொண்ட சமரசத்தைக் காரணம் காட்டி 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுக்க மறுத்துவிட்டது.

நோட்டும் புத்தகமும்? அவருக்குப் புதிய பள்ளி கிடைத்தபின், எந்த வகுப்பு என்று கேட்டு அனுப்புங்கள். வேறு மாநிலப் பாடப்புத்தகம் வேண்டாம். கடை கிஃப்ட் கார்டாகக் கொடுத்தால் தேவையானதை அவரே வாங்கிக்கொள்வார்.