விசிறிக்குப் பிறகு லிப்ட்

அன்புள்ள ஐயா,

குழந்தைகளின் கவனம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று நான்கு வயதில் உறுதிசெய்தார்கள். முதலில் மின்விசிறி. யார் வீட்டுக்குப் போனாலும் கூரையைத்தான் பார்ப்பான். பிறகு லிப்ட். அவனுக்காகவே அதைப் பற்றி நானும் படித்தேன். கதவு மூடும் ஓசையை வைத்தே வகையைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். சென்ற மாதம் ஒருநாள் காலையில் அதுவும் போய்விட்டது. லிப்ட் புத்தகத்தை நீட்டினால் தள்ளிவிடுகிறான். இப்போது வியாழனின் துணைக்கோள்கள், காலை முதல் இரவு வரை. “நீதான் இடம் கொடுத்து வளர்க்கிறாய்” என்கிறார் மாமியார். “விஞ்ஞானியாக வருவான்” என்கிறார் கணவர். எனக்குக் களைப்பாக இருக்கிறது. நான் ஒன்றைக் கற்று முடிப்பதற்குள் அவன் வேறிடத்தில் இருக்கிறான். இதைத் தடுப்பதா, கூடவே ஓடுவதா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

நான் மருத்துவன் அல்ல. என் தங்கை மகனும் ஆட்டிசம் உள்ளவன். அவன் வளர்வதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும், இதைப் பற்றித் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மேல் விழுந்திருக்கும் பழியை இறக்கி வைக்க வேண்டும். 1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, கையில் கிடைப்பதையெல்லாம் சுழற்றி மகிழ்ந்த ஒரு சிறுவன் வருகிறான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில், வழக்கத்தை மீறிய தீவிரம் கொண்ட ஈடுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே இருக்கிறது. நீங்கள் இடம் கொடுத்ததால் வந்ததில்லை இது. தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலமும் உண்டு. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இல் அந்த வாதத்தைத் தகர்த்தார். அதன் பிறகும் குடும்பங்களில் அம்மாதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். இது எனக்குக் கோபமூட்டுகிறது.

டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்று எனக்குப் பல கதவுகளைத் திறந்தது. லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். நம் கவனம் ஒரே நேரத்தில் பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடுகிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய முழுவதும் ஒன்றிலேயே பாய்கிறது. ஆட்டிசத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். எனவே “போதும், சாப்பிட வா” என்று நீங்கள் கூப்பிடும்போது, அவன் இருந்த உலகம் முழுவதையும் ஒரே நொடியில் மூடச் சொல்கிறீர்கள். அப்போது அவன் அலறினால், அது பிடிவாதத்தால் மட்டும் வருவதில்லை.

தடுக்காதீர்கள். ஆனால் தூக்கம், சாப்பாடு, பாதுகாப்பு, பிறரின் அமைதி ஆகியவற்றுக்கான எல்லைகளை நீங்கள்தான் வகுக்க வேண்டும். அவற்றை அவனுடைய ஆர்வம் விழுங்க விடக் கூடாது. நிறுத்தும் இடத்தைக் கடிகாரத்தைக் காட்டிச் சொல்வதைவிட அவன் வேலையின் கணக்கில், அவனுடைய துணைக்கோள்களின் பெயரைச் சொல்லியே சொல்வது நல்லது: “கலிஸ்டோவை வரைந்து முடித்ததும் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு கானிமீட்.” திரும்பி வரலாம் என்ற உறுதி இருந்தால் எழுந்து வருவது எளிதாகும். அந்த உறுதியை ஒருமுறைகூட மீறாதீர்கள். குறும்பு செய்ததற்குத் தண்டனையாகக் கோள் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கவும் வேண்டாம். பதற்றத்தில் அவன் ஓடி ஒளியும் இடம் அதுதான்.

கணவர் சொல்வதற்கு வருகிறேன். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி டெம்பிள் கிராண்டினைப் பலரும் சான்றாகக் காட்டுவார்கள். கால்நடைகளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கருவியின் மேல் இளம் வயதில் அவருக்கு இருந்த தீராத ஆர்வத்தை, ஓர் அறிவியல் ஆசிரியர் படிப்பின் பக்கம் திருப்பிவிட்டார். பின்னாளில் அவர் கால்நடை அறிவியல் பேராசிரியரானார். உண்மைதான், மகிழ்ச்சியான உண்மை. ஆனால் ஒன்பது வயதுச் சிறுவனின் ஒவ்வொரு ஆர்வத்தின் மேலும் ஒரு வேலையை ஏற்றி வைத்தால், அது மாறும்போதெல்லாம் வீட்டில் ஒரு கனவு உடையும். அந்த ஏமாற்றத்தை அவன் உங்கள் முகங்களில் படித்துவிடுவான். துணைக்கோள்கள் இன்று அவனுக்கு மகிழ்ச்சி தருகின்றன என்பதே போதுமான காரணம்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த வரிசை. விசிறி சுற்றுகிறது. லிப்ட் எண்ணிட்ட தளங்களுக்கிடையே போய் வருகிறது. துணைக்கோள் தன் பாதையில் சுற்றித் திரும்புகிறது. பொருள் மாறியிருக்கிறது, விதி தவறாத இயக்கத்தின் மேல் அவனுக்குள்ள காதல் மாறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்திலிருக்கும் நீங்கள்தான் இதைச் சரிபார்க்க முடியும். அடுத்தது வரும்போதும் கவனியுங்கள். லிப்டைப் பற்றி நீங்கள் படித்தது வீணில்லை. அந்தப் புத்தகத்தை அவன் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். பழைய ஆர்வங்கள் சில சமயம் திரும்பி வரும்.

கூடவே ஓடவும் வேண்டாம். இந்த முறை நீங்கள் எதையும் படிக்காதீர்கள், அவனே சொல்லித் தரட்டும். உண்மையிலேயே தெரியாமல் கேட்பவரிடம் விளக்கும்போதுதான் பேச்சு இருவருக்குமானதாகிறது. அயோ வியாழனை ஒருமுறை சுற்ற இரண்டு நாள்கூட ஆவதில்லை, கலிஸ்டோவுக்கோ பதினாறு நாளுக்கு மேல். ஏன் என்று கேளுங்கள். ஒருமுறை கலிஸ்டோ சுற்றுவதற்குள் அயோ எத்தனை முறை சுற்றும் என்று கேட்டால் வகுத்தல் கணக்கும் வந்துவிடும். எல்லாவற்றையும் பாடமாக்கிவிடாதீர்கள், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் நேரமும் வேண்டும்.

இரண்டு மாற்றங்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஈடுபாடு திடீரென்று பல மடங்கு இறுகினால், பள்ளியில் ஏதேனும் துன்பமா, உடலில் எங்கேனும் வலியா என்று தேடுங்கள். பழைய ஆர்வம் போய், புதிதாக எதுவும் வராமல், தூக்கமும் உணவும் குறைந்தால் மருத்துவரிடம் போகத் தாமதிக்க வேண்டாம். இப்போது நீங்கள் விவரித்திருப்பது இந்த இரண்டிலும் சேராது.

களைப்பு என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கடிதத்தில் அவசரமானது அதுதான். மாமியாரிடமும் கணவரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அவர்களில் ஒருவர் அவனருகே உட்கார்ந்து துணைக்கோள்களைப் பற்றிக் கேட்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அன்புடன்.