தவணை லீவுப் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கிழக்கில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரையம்பதியில் இருபத்தைந்து வருடம் படிப்பித்தவன் நான். மூன்று பிள்ளைகள், வயதான அம்மா, மச்சாளின் குடும்பம் என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தவணை லீவுகளில் நிறைய இடங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். லீவுப் பயணம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி: ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மூன்று லீவிலும் போக வசதியில்லை அண்ணா. வருடத்துக்கு ஒன்றுதான். எது நல்லம்?

ஓகஸ்ட். யோசிக்காமல் சொல்வேன். கொழும்பில் இருப்பவர்கள் டிசம்பரில் நல்ல வெயில் என்று கடலுக்குப் போவார்கள், அதைப் பார்த்து நாங்களும் அப்படியே திட்டம் போட்டால் சரிவராது. டிசம்பரில் எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்று, வாசலில் வெள்ளம் நிற்கும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனம் வராது. மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அது மேற்குக்கும் நுவரெலியாப் பக்கத்துக்கும்தான் மழை, கிழக்குக் காய்ந்து கிடக்கும். பாசிக்குடா, நிலாவெளி எல்லாம் அந்த மாதங்களில் குளம் மாதிரி இருக்கும். மலைநாடுதான் வேண்டும் என்றால் ஓகஸ்டில் நுவரெலியாவை விட்டுவிட்டு பதுளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் போங்கள், அந்தச் சரிவில் அப்போது மழை குறைவு. லீவுத் திகதியைப் பார்த்த உடனே இடத்தைத் தேடாதீர்கள், முதலில் மழை அந்த மாதம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஒரு விசயம், வீட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை அந்தப் பிள்ளைக்கு எந்தப் பயணமும் இனிக்காது. முடிந்த பிறகு கூட்டிப்போங்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி: சித்திரை வருசத்துக்கு நுவரெலியா போகலாமா சேர்?

போகலாம், ஆனால் நான் போகமாட்டேன். ஏப்ரல் அங்கே சீசன், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று முழு நாடும் அங்கேதான் நிற்கும். அறை வாடகை ஏறும், வாகனம் நகராது, சின்னப் பிள்ளைகள் ரோட்டிலேயே அழுது களைத்துப்போவார்கள். அதோடு 13, 14ஆம் திகதிகளில் பஸ் குறைவு, சிங்கள ஊர்களில் புண்ணிய காலத்தில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது. வருசத்தன்று வீட்டில் மருத்துநீர் வைத்து, கைவிசேடம் வாங்கி, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டு 16, 17க்குப் பிறகு வெளிக்கிடுங்கள். நீங்கள் இருக்கும் செங்கலடியிலிருந்தே பதுளை ரோட்டு தொடங்குகிறது. மகா ஓயா வெந்நீர் ஊற்றில் இறங்கிக் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறலாம். அந்தக் குளிர் பிள்ளைகளுக்குப் போதும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி: நான் தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை, பிள்ளைகள் முஸ்லிம் பாடசாலையில். லீவு ஒத்துவருவதே இல்லை. என்ன செய்வது?

உங்கள் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் பாடசாலையிலும் இரண்டு பேர் இப்படித்தான் தவித்தார்கள். கல்வி அமைச்சு தவணைத் திகதிகளை வெளியிடும்போது தமிழ், சிங்களப் பாடசாலைகளுக்கு ஒன்றாகவும் முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனியாகவும் வரும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கு லீவு, நோன்போ வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். அதனால் போன வருடத்துக் கணக்கு இந்த வருடம் உதவாது. கொரோனாவுக்குப் பிறகு தவணைகளே முன்பின்னாகிப்போனது எல்லாருக்கும் தெரியும், 2025இல் முதலாம் தவணை ஜனவரி 27இல்தான் தொடங்கியது. சுற்றறிக்கை வந்த அன்றே இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் லீவாக இருக்கும் நாட்களை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். அதில் நாலு நாள் கிடைத்தாலே தாராளம். கிடைக்காவிட்டால் போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வெள்ளியிலோ திங்களிலோ வரும் கிழமையைப் பிடித்து மூன்று நாள் பயணமாகப் போய் வாருங்கள்.

கல்முனையிலிருந்து: கொழும்புக்குக் கோச்சியில் ஆறு பேர் போகவேண்டும். லீவு நேரத்தில் இருக்கை கிடைப்பதே இல்லை.

அம்பாறை மாவட்டத்துக்குத் தண்டவாளம் இல்லை என்பதால் உங்களுக்கு மட்டக்களப்புத்தான் ஸ்டேஷன். இருக்கைப் பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்னே திறக்கும். லீவு தொடங்கும் வெள்ளிக்கிழமைக்கு எல்லாரும் பாய்வார்கள், நீங்கள் செவ்வாய் அல்லது புதன் எடுங்கள், ஆறு பேருக்கும் ஒரே பெட்டியில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும், பயணத்தன்று அந்த அட்டை கையில் இருக்கவும் வேண்டும். 12 வயதுக்குக் கீழே அரை டிக்கெட்.

பகல் உதயதேவியா, இரவு ரயிலா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளோடு என்றால் நான் பகலைத்தான் சொல்வேன், வயல், குளம், காடு எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். இரவு ரயிலில் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குக் கொழும்பில் டொக்டர் அப்பொயின்மென்ட் போடவேண்டாம். கல்லோயாப் பக்கம் யானைகள் பாதையைக் கடக்கும் காடு. 2025 பெப்ரவரியில் இரவு ரயில் மோதி ஆறு யானைகள் செத்தது நினைவிருக்கும். அந்த இடத்தில் ரயில் மெதுவாகத்தான் போகவேண்டும், அப்படிப் போவது நல்லதும்கூட.

வாழைச்சேனையிலிருந்து ஒரு அக்கா: மகனுக்கு வாகனத்தில் ஏறினாலே சத்தி. கண்டிக்கு எந்த வழி நல்லம்?

மஹியங்கனை வழியைத் தொடவேண்டாம் அக்கா. தூரம் குறைவுதான், ஆனால் கண்டிப் பக்கம் ஏறும்போது பதினெட்டு வளைவு, பெரியவர்களுக்கே தலை சுற்றும். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போங்கள், நேரம் கொஞ்சம் கூடினாலும் ரோட்டு சமன். மகனை முன் சீட்டில் இருத்துங்கள், வெளிக்கிடும்போது பால் கொடுக்கவேண்டாம், பாணும் கொஞ்சம் சம்பலும் போதும். மின்னேரியா, ஹபரணைப் பகுதியை இருட்ட முன்னம் தாண்டிவிடுங்கள், யானை ரோட்டுக்கு வரும். ஓகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளம் வற்றும்போது யானைகள் கூட்டமாகப் புல்லுக்கு வரும். பின்னேரம் மூன்று மணிக்கு ஜீப் எடுத்து உள்ளே போய்ப் பாருங்கள், வாழ்நாளில் மறக்கமாட்டான்.

காரைதீவிலிருந்து: 72 வயது அம்மாவும் 3 வயது மகளும். சிகிரியா போகலாமா?

இதற்கு என் கதையைத்தான் சொல்லவேண்டும். என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓகஸ்டில் சிகிரியா போனோம், வழியில் இரண்டு இடத்தில் நின்றதில் மலையடிக்குப் போகும்போது பதினொரு மணி. ஆயிரத்து இருநூறு படி அளவு, பாதியில் அம்மாவுக்குக் கண் இருட்டியது. தண்ணீர் கொடுத்து நிழலில் இருத்தி இறக்கி வர இரண்டு மணித்தியாலம், அன்று நான் பயந்த பயம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஆகக் கடைசியாக நடப்பவரின் கால்தான் திட்டத்தின் அளவு. நீங்கள் போனால் முதல்நாளே பக்கத்தில் தங்கி, காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். அம்மாவும் சின்னவளும் கீழே நீர்த்தோட்டத்தில் இருக்கட்டும், ஒருவர் கட்டாயம் அவர்களோடு நிற்கவேண்டும்.

ஏறாவூரிலிருந்து: டிசம்பரில்தான் எனக்கு லீவு. வேறு வழியே இல்லை.

அப்படியென்றால் காலி, மாத்தறைக் கடற்கரைப் பக்கம், அப்போது அங்கே கடல் அமைதி. டிசம்பரில் பதுளை, கண்டி மலைகளை எண்ணவேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவை எல்லாரும் பார்த்தோம். எந்த வருடமானாலும் வெளிக்கிட முன்னம் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம். எச்சரிக்கை இருந்தால் அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

திருக்கோவிலிலிருந்து: வேன் ஹயர் எடுக்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

நாள் கணக்கா கிலோமீட்டர் கணக்கா, டீசல் யார், இரவு தங்கினால் டிரைவருக்குச் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் போய் ஒருமுறை கதிர்காமத்தில் இரவு பத்து மணிக்குச் சண்டை போட்டிருக்கிறோம், பிள்ளைகள் முன்னால். இரண்டு குடும்பம் சேர்ந்தால் செலவு பாதி. டிரைவர் காலை நாலு மணிக்கு எழும்பி ஓட்டினால் அன்று இரவு ஓட்ட விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தம்பி: இந்த முறை கையில் காசில்லை. பிள்ளைகள் கேட்டபடி இருக்கிறார்கள்.

தம்பி, மட்டக்களப்பு ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கல்குடாவில் இறங்குங்கள். நேர அட்டவணையை முதல்நாளே கேட்டு வையுங்கள், திரும்பும் ரயில் ஒத்துவராவிட்டால் வாழைச்சேனையில் பஸ் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் பாசிக்குடாவுக்குப் போங்கள், கல்குடாப் பக்கத்துக் கடலில் இறக்கவேண்டாம், அங்கே இழுவை உண்டு. பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனாலும் பிள்ளைகளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். சோறு வீட்டிலிருந்து கட்டுங்கள், காலை ஒன்பதரைக்குள் இறங்கி, வெயில் ஏறும்போது மர நிழலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மறுகா மூன்றரைக்குத் திரும்ப இறங்கலாம். மாற்று உடுப்பும் ஒரு பெரிய துவாயும் மறக்கவேண்டாம், ஈர உடுப்போடு பஸ்ஸில் வந்தால் அன்றிரவே காய்ச்சல்.