கையெழுத்து போட்டா தான் பேச விடுவாங்களா? (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

நான் அமெரிக்காவுல ஒரு செமினரில படிக்கிறேன். ஊர் திருநெல்வேலி பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். வர்ற நவம்பர்ல எவாஞ்சலிக்கல் தியாலஜிக்கல் சொசைட்டின்னு ஒரு இறையியல் அறிஞர்கள் சங்கம், அதோட வருஷக் கூட்டத்துல ஒரு பேப்பர் வாசிங்கன்னு எங்க புரொஃபசர் சொல்றார். மெம்பர் ஆகணும்னா வேதாகமம் பிழையில்லாததுன்னு கையெழுத்து போடணுமாம், அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்கிறப்ப எல்லாம். முடிவை முதல்லயே எழுதி வாங்கிட்டு அப்புறம் ஆராய்ச்சி பண்ணுன்னா அது என்ன ஆராய்ச்சி? கண்ண மூடிட்டு போட்டுடவா?

— ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

கண்ண மூடிட்டு போடாதீங்க, முதல்ல அதை முழுசா படிங்க. நீங்க நினைக்கிற மாதிரி பெரிய விசுவாசப் பிரமாணம் எல்லாம் இல்ல, ரெண்டே வாக்கியம். வேதாகமம் மட்டுமே, அதுவும் முழு வேதாகமமும், எழுதப்பட்ட தேவ வார்த்தை, அதனால மூலக் கையெழுத்துப் பிரதிகள்ல அது பிழையில்லாததுன்னு ஒண்ணு. 1949ல சின்சினாட்டில சங்கத்தை ஆரம்பிச்சப்ப இவ்வளவு தான் இருந்துச்சு. தேவன் திரித்துவமானவர், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்ற ரெண்டாவது வாக்கியம் 1990ல தான் வந்துச்சு. அதாவது நாப்பது வருஷமா, திரித்துவத்தையே ஏத்துக்காத யெகோவா சாட்சிக்காரர் ஒருத்தர் நேரா வந்து மனசாரக் கையெழுத்து போட்டிருக்கலாம், இயேசு யாருன்னு அதுல ஒரு வார்த்தை கூட கிடையாது! ஞானஸ்நானம், முன்குறித்தல், கடைசிக்காலம் எல்லாம் இன்னைக்கும் அதுல இல்ல, அதனால தான் பாப்டிஸ்டும் பிரெஸ்பிட்டேரியனும் ஒரே ரூம்ல உக்காந்து மல்லுக்கட்ட முடியுது.

முடிவை முன்னாடியே எழுதி வாங்குறாங்கன்னு சொல்றீங்க. வாங்குறாங்க தான், ஆனா கதவுலயே எழுதி ஒட்டி வச்சிருக்காங்க, உள்ள வந்தப்புறம் மூஞ்சிய சுளிக்கல. எனக்கு அதுல பெரிய வருத்தம் இல்ல. என்னை உறுத்துறது வேற, கையெழுத்து போட்டப்புறம் அதோட அர்த்தத்தை யார் சொல்றதுங்கறது தான்.

ராபர்ட் கண்ட்ரி கதை கேள்விப்பட்டிருப்பீங்க, புதிய ஏற்பாட்டு அறிஞர், சங்க உறுப்பினர். 1982ல மத்தேயு சுவிசேஷத்துக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். மத்தேயு அந்தக் காலத்து யூத வேத விளக்க முறையான மித்ராஷ் முறையில, நடந்ததோட கொஞ்சம் சேத்து அலங்கரிச்சு எழுதினார்னும், லூக்காவுல வர்ற மேய்ப்பர்கள் தான் மத்தேயுகிட்ட கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளா மாறிட்டாங்கன்னு சொன்னார். நம்ம ஊர் கிறிஸ்மஸ் நாடகத்துல தலைப்பாகை கட்டிட்டு வர்ற அதே சாஸ்திரிகள் தான். இது பிழை இல்ல, எழுத்து வகை, வாசகனுக்கு அது தெரியும், அதனால நான் பிழையின்மைய முழுசா நம்புறேன்னு அவர் சொன்னார், கையெழுத்தும் போட்டுட்டு தான் இருந்தார். 1983 டிசம்பர்ல டாலஸ் கூட்டத்துல ஓட்டு எடுத்தாங்க, 116க்கு 41, ராஜினாமா பண்ணச் சொல்லியாச்சு, அவரும் பண்ணிட்டார். மனுஷன் அப்ப இருந்த அந்த ஒரே வாக்கியத்தை மறுத்தாரான்னு கேட்டா, மறுக்கல.

அப்புறம் 2003ல அட்லாண்டா. கிளார்க் பின்னாக், ஜான் சாண்டர்ஸ்னு ரெண்டு பேர், மனுஷன் சுதந்திரமா எடுக்கப்போற முடிவு தேவனுக்கே இன்னும் திறந்து தான் இருக்குன்னு எழுதினவங்க. நீக்கணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். பின்னாக் தன் புத்தகத்துல ஒரு அடிக்குறிப்பை திருத்தி விளக்கம் கொடுத்தார், பெரும்பான்மை அவரை வச்சுக்கலாம்னுச்சு. சாண்டர்ஸுக்கு எதிரா சுமார் 63 சதவீதம் விழுந்துச்சு, ஆனா மூணுல ரெண்டுக்கு எட்டல, அவரும் தப்பிச்சார். பின்னாக்கை வச்சுக்கிட்டாங்களேன்னு முன்னாள் தலைவர் நார்மன் கெய்ஸ்லர் சங்கத்தையே விட்டுப் போனது தனிக்கதை. ஆக அதே பிழையின்மை வாக்கியம் தான், கண்ட்ரி வெளிய, இவங்க ரெண்டு பேர் உள்ள. 2006ல பிழையின்மைன்னா என்னன்னு புரிஞ்சிக்க பிழையின்மைய விளக்குற 1978 சிகாகோ அறிக்கைய பாருங்கன்னு ஒரு தீர்மானம் போட்டாங்க, விளக்கத்துக்கும் ஒரு விளக்கம் தேவைப்பட்டுச்சுன்னு அர்த்தம்.

எனக்குப் பிடிச்ச ஆள் பிரான்சிஸ் பெக்வித். சங்கத் தலைவராவே இருந்தார், 2007ல கத்தோலிக்க சபைக்குத் திரும்பினார், யாரும் ஓட்டெடுக்கறதுக்கு முன்னாடி அவரே பதவியையும் உறுப்பினர் இடத்தையும் விட்டுட்டார். கத்தோலிக்கருக்கு வேதாகமத்தோட சபைப் பாரம்பரியமும் சேத்தி, அப்ப "வேதாகமம் மட்டுமே"ல வர்ற அந்த "மட்டுமே"ங்கற சொல்லுக்கு எவ்வளவு கனம்னு பாருங்க.

சரி உங்க விஷயத்துக்கு வர்றேன். மனசு ஒப்பலன்னா போடாதீங்க, புரொஃபசருக்காக போடவே போடாதீங்க, அடுத்த வருஷமும் போடணும்ல. உறுப்பினர் ஆகாமலே பணம் கட்டி உள்ள போய் உக்காந்து கேக்கலாம், கட்டணம் தான் கூட. முழு உறுப்பினர் ஆக டிஹெச்எம் (இறையியல் முதுகலை) அல்லது அதுக்கு சமமான படிப்பு வேணும், மாணவர் உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது, அதனால யாரையாவது நீக்குற பாவம் இப்போதைக்கு உங்களைச் சேராது. இன்னொண்ணு, இந்தக் கூட்டம் முடிஞ்ச கையோட வழக்கமா அதே ஊர்ல சொசைட்டி ஆஃப் பிப்ளிக்கல் லிட்ரேச்சர்ங்கற வேதாகம ஆய்வுச் சங்கம் கூடும், ஒரே டிக்கெட்ல ரெண்டையும் பாத்துடலாம். 1880ல ஆரம்பிச்ச சங்கம் அது, அங்க விசுவாசக் கையெழுத்து கிடையாது. அதுக்காக விதியே இல்லன்னு நினைக்காதீங்க, உறுப்பினரா இருக்கணும், பதிவு பண்ணணும், ஒரே ஆள் எத்தனை தடவை மேடை ஏறலாம்னு கணக்கும் உண்டு.

கையெழுத்து போடறதா முடிவு பண்ணீங்கன்னா அடுத்த பயம் நேரம் தான். பேப்பருக்கு நாப்பது நிமிஷம், அதுல முப்பது வாசிக்க, பத்து கேள்விக்கு. நாலாயிரம் வார்த்தைக்கு மேல எழுதினீங்கன்னா மூச்சு வாங்கும். இதை ஏன் சொல்றேன்னா வேற ஒரு கருத்தரங்குல எனக்கு முன்னாடி பேசின பெரியவர் என் நேரத்துலயும் பாதிய சேத்து தின்னுட்டார், நெறியாளர் மரியாதைக்காக வாயே திறக்கல, நான் முன்னுரையும் முடிவுரையும் மட்டும் வாசிச்சிட்டு இறங்கினேன், ஒருத்தர் வந்து ரொம்ப சுருக்கமா அருமையா பேசினீங்கன்னு கை கொடுத்தார்.

ஃபாரத்துல பேனா வைக்கிறதுக்கு முன்னாடி உங்க புரொஃபசர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, கண்ட்ரி விஷயத்துல அவர் இருந்திருந்தா எந்தப் பக்கம் ஓட்டு போட்டிருப்பார்னு. அவர் பதில் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கறார்னு பாருங்க.

பேப்பர் எதைப் பத்தின்னு நீங்க எழுதவே இல்லயே. அந்த சாஸ்திரிகள் வர்ற மத்தேயு ரெண்டாம் அதிகாரமா இருந்தா எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க.

அன்புடன்,
அண்ணன்