டார்ஜிலிங்கில் ஒரு பகல்தான் இருக்கிறது. மலையேற்ற அருங்காட்சியகத்தை விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். கடைவீதியை வேண்டுமானால் விடுங்கள்.

அப்பா அம்மாவுடன் டார்ஜிலிங் போகிறீர்கள், முழுதாக ஒரு பகல்தான் கிடைக்கும், மலையேற்ற அருங்காட்சியகத்தில் 'பழைய ஷூவும் கயிறும்தான் இருக்கும்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அந்த நேரத்தில் ஷால் வாங்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன். குழுச் சுற்றுலாவில் பணம் கட்டியிருப்பீர்கள். துண்டறிக்கையில் 'தென்னிந்திய உணவு, சமையல்காரர் உடன் வருவார்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விடியுமுன் எழுப்பி, சூரியோதயம் பார்க்க டைகர் ஹில்லுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மேகத்தைக் காட்டுவார்கள். பத்து மணிக்கு மேல் உயிரியல் பூங்கா வாசலில் இறக்கிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் வந்துவிட வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

நான் மலையேறியவள் அல்ல. பழனிக்கே இப்போது விஞ்ச்சில்தான் போகிறேன். நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுவதும் நான்கு மூலையும் ஒரு வாய்க்காலும் கொண்ட புலப்படங்களை வரைந்துகொண்டிருந்தேன். அதனால் என் பதில் ஒருபக்கச் சாய்வாக இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1953 மே 29 அன்று டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அதை ஒட்டி, 1954 நவம்பர் 4 அன்று நேரு தொடங்கிவைத்ததுதான் டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம். களப் பயிற்சிக்கு முதல் இயக்குநர் டென்சிங். அருங்காட்சியகம் அந்த வளாகத்துக்குள் இருக்கிறது. பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவுக்குள் நுழைந்துதான் அங்கே போக வேண்டும். வாசலிலிருந்து ஏற்றம். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். நம் மக்கள் சிவப்பு பாண்டாவையும் பனிச்சிறுத்தையையும் பார்த்து முடிப்பதற்குள் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் நேராக அருங்காட்சியகத்துக்கு ஏறிவிடுங்கள். பாண்டாவை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

என் நாத்தனார், "அண்ணி, உள்ளே என்ன இருக்கிறது? படமும் பொம்மையும்தானே, நான் இங்கேயே உட்காருகிறேன்" என்று சொல்லி வெளியிலேயே தங்கிவிட்டார். நானும் என் கணவரும் போனோம். பெரிய, பளபளப்பான இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். கண்ணாடிப் பெட்டிகளும் பெயரட்டைகளுமாகப் பழைய பாணிதான். பொத்தானை அழுத்தினால் பேசும் திரைகளை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் இமயமலைத் தொடரின் புடைப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. என்னை அதன் முன்னாலிருந்து நகர்த்த முடியவில்லை. தாளில் மலை என்பது வளைவு வளைவாக நெருங்கி ஓடும் சமஉயரக் கோடுகள். அந்தக் கோடுகள் எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். கோசி, டீஸ்டா போன்ற ஆறுகள் மலையைக் கிழித்துக்கொண்டு இறங்கும் பள்ளங்களில் என் கண் தானாகவே போய் நின்றது. எல்லைக்கோடு தேடும் பழைய வழக்கம்.

எங்கள் குழுவில் வந்த சேலத்துக் கல்லூரி மாணவி பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, காலையில் டைகர் ஹில்லில் பார்க்க வேண்டியது எவரெஸ்டைத்தானே?" என்று கேட்டாள். எனக்கு அதுதானே வேண்டும்!

இல்லை. டார்ஜிலிங்கில் எதிரே நிற்பது கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். எவரெஸ்ட் மேற்கே வெகு தொலைவில் இருக்கிறது. வானம் மிகத் தெளிவாக இருந்தால் டைகர் ஹில்லிலிருந்து அதன் நுனி மட்டும் தெரியும், அதுவும் பக்கத்துச் சிகரமான மக்காலுவைவிடச் சிறியதாக, ஏனென்றால் மக்காலு நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இந்தக் கண்மயக்கு நமக்கு மட்டும் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கஞ்சன்ஜங்காதான் உலகிலேயே உயரம் என்று அளவைக்காரர்களே நினைத்திருந்தார்கள். நேபாளத்துக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை. நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் நின்று, கோணம் அளந்து, கணக்குப் போட்டார்கள். பிறகு எவரெஸ்ட் என்று பெயர் பெற்ற, பதினைந்தாம் எண் இட்டிருந்த சிகரம்தான் எல்லாவற்றிலும் உயரம் என்ற கணக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1856-இல் அறிவித்த அளவு 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. முப்பது அடி வித்தியாசம்! செயற்கைக்கோள் இல்லாத காலத்துக் கணக்கு அது.

அந்த அளவை எங்கே தொடங்கியது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தெரியவில்லை. சென்னையில், பரங்கிமலைக்குப் பக்கத்தில். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் விரிந்து இமயம் வரை போனது. கோணம் அளக்கும் கருவியான அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைத் தட்டிச் சரிசெய்தார். தஞ்சாவூர்க்காரரான என் கணவருக்கே இது அன்றைக்குத்தான் தெரியும். "இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். வீட்டில் அலுவலகப் பேச்சே வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

'தமிழ்நாட்டை எதற்குள் எல்லாம் நுழைக்கிறார்கள் பார்' என்று ஒருவர் கருத்துரையில் வரப்போகிறார். ஐயா, பரங்கிமலையை நான் நகர்த்திக்கொண்டு போய் இமயத்தில் வைக்கவில்லை. அது வரலாறு. இன்னொருவர், நேபாளத்தின் பொக்காராவில் 2004-இல் திறந்த சர்வதேச மலை அருங்காட்சியகம் இதைவிடப் பெரியது, மலைவாழ் மக்களின் உடை, வாழ்க்கை எல்லாம் அங்கேதான் விரிவாக இருக்கிறது என்பார். உண்மைதான். ஆனால் கேட்டவர் போவது டார்ஜிலிங்குக்கு.

இப்போது 'பழைய ஷூ' விஷயத்துக்கு வருகிறேன். டென்சிங் பயன்படுத்திய உடைகளும் கருவிகளும் அங்கே இருக்கின்றன. காலணிப் பெட்டிகளுக்கு முன்னால் போய் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குப் புறப்பட வேண்டிய காலையில் ஹிலாரியின் காலணிகள் உறைந்து கல்லாகிவிட்டன. இரவில் கழற்றி வைத்திருந்தார். அடுப்பில் காட்டி இளக்குவதற்கு இரண்டு மணி நேரம் போயிற்று. டென்சிங் தன்னுடையதைக் கழற்றாமலே படுத்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு சுவிஸ் குழுவோடு போய், ரேமண்ட் லாம்பெர்ட்டுடன் சுமார் 8,600 மீட்டர் வரை ஏறித் திரும்பியவர் அவர். லாம்பெர்ட் கொடுத்த சிவப்புக் கழுத்துத் துணியைத்தான் உச்சியிலும் கட்டியிருந்தார். அந்த மலையில் எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்பது அவருக்கு உடம்பில் ஊறிய பாடம்.

அவர் அங்கே சுமை தூக்கப் போனவர். 1935-இல் எரிக் ஷிப்டன் குழுவில் சுமைகூலியாக முதல் முறை எவரெஸ்டுக்குப் போனார். அந்தக் காலத்துப் பயணங்கள் பெரும்பாலும் டார்ஜிலிங்கிலிருந்துதான் புறப்பட்டன. வேலை தேடி நேபாளத்தின் சோலுகும்புவிலிருந்து ஷெர்பாக்கள் இங்கே வந்து குடியேறியது அதனால்தான். 1922-இல் எவரெஸ்டின் வடக்குப் பக்கத்தில் பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் சுமை தூக்கியவர்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் நேபாளப் பக்கத்துக் கும்பு பனியருவியில் இறந்த பதினாறு பேரும் கூலிக்கு வேலை செய்த நேபாளிகள். இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. 1953 வெற்றிக்குப் பிறகு ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஹன்ட்டுக்கும் 'சர்' பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். யார் முதலில் உச்சியில் கால் வைத்தது என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். ஹிலாரி சில அடி முன்னால் என்று டென்சிங்கே எழுதிவிட்டார். என் ஆற்றாமை அது அல்ல. எங்கள் துறையிலும் வெயிலில் முள்ளுக்காட்டுக்குள் இறங்கிச் சங்கிலி இழுத்தவர்கள் செயின்மேன்கள். புலப்படத்தில் கையெழுத்து எங்களுடையது.

இந்த வளாகத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். சுமை தூக்கியவர் ஆசிரியராக, இயக்குநராக இருந்த இடம் இது. டென்சிங்கின் அக்காள் மகன் நவாங் கோம்பு 1963-இல் அமெரிக்கக் குழுவோடும், 1965-இல் எம்.எஸ். கோலி தலைமையிலான இந்தியக் குழுவோடும் எவரெஸ்ட் ஏறி, இரண்டு முறை ஏறிய முதல் மனிதரானார். அவரும் இங்கே பயிற்சி கொடுத்தவர்தான். டென்சிங் 1986 மே மாதம் இறந்தபோது எரியூட்டியது இதே வளாகத்தில். சிலையும் அங்கேயே இருக்கிறது. சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போகாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நான் இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுற்றுலா மேலாளர் வந்து, "அம்மா, சாம்பார் ஆறிப்போகும், வண்டி கிளம்புகிறது" என்று விசில் ஊதினார். அருங்காட்சியகத்துக்குள் விசில்! "நீங்கள் போங்கள், நாங்கள் வந்துகொள்கிறோம்" என்றேன். போயே போய்விட்டார்கள். நாங்கள் நிதானமாகப் பார்த்து முடித்து, பாண்டாவையும் பார்த்து, ஷேர் ஜீப்பில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து விடுதிக்குத் திரும்பினோம். சாம்பார் தீர்ந்திருந்தது, மோர் மட்டும் இருந்தது. நாத்தனார் வீட்டில் இந்தக் கதை இன்றும் ஓடுகிறது. ஓடட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் துண்டறிக்கையில் 'பொம்மை ரயில்' என்று போட்டிருந்தது. பணமும் அதற்குச் சேர்த்துத்தான் வாங்கினார்கள். நடந்தது என்ன? பதாசியா வளைவில் ஜீப்பை நிறுத்தி, ரயில் போவதைக் கையால் காட்டினார்கள். கேட்டால், "ரயில் என்றுதானே போட்டிருக்கிறது, பயணம் என்று போடவில்லையே" என்கிறார்கள். 1881 முதல் ஓடும் ரயில் அது. நம் ஊட்டி ரயிலைப் போலப் பல்சக்கரம் இல்லாமல், வளைந்தும் பின்னால் போய் முன்னால் வந்தும் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்துக்கு ஏறுகிறது. அதைச் சாலையோரம் நின்று பார்ப்பதற்காகவா நான் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தேன்? பெரியவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததைத் தனிக் கேள்வியாக யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு: பூங்காவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் வியாழக்கிழமை விடுமுறை. உங்கள் ஒரு பகல் வியாழனில் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விழுந்தால் அந்தத் தேதியை மாற்றச் சொல்லி இப்போதே சண்டை போடுங்கள், அங்கே போய்ப் போட்டுப் பயனில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வாசலிலிருந்து மேலே ஏறவே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 'வண்டியை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொள்கிறோம்' என்று மேலாளரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.