ஒஸ்லோவில் மகனின் இடைவேளை

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கு வந்து ஆறு மாதமாகியும் மகனை இடைவேளையில் ஒருவரும் விளையாடச் சேர்ப்பதில்லை என்றும், புட்டுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றும், இதை வெளியே சொன்னால் அவனுக்கே கரைச்சலாகிவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். ஆனால், வாசலில் நின்று ஆசிரியையிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல், பாடசாலை அதிபருக்குத் திகதியிட்டு எழுதுங்கள்.

2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் புதிய கல்விச் சட்டத்தின் 12ஆம் அத்தியாயத்தில், பாதுகாப்பான பாடசாலைச் சூழல் பிள்ளையின் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. யார் தொடங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தனக்கு அங்கே பாதுகாப்பில்லை என்று பிள்ளை உணர்ந்தாலே போதும், பாடசாலை அதை விசாரித்து, யார் என்ன செய்வது, எப்போது செய்வது என்று எழுத்தில் ஒரு திட்டம் போட்டாக வேண்டும். அதிபரிடம் சொல்லி ஒரு வாரம் கடந்தும் அசைவில்லாவிட்டால், ஸ்தாட்ஸ்ஃபோர்வால்தர் எனப்படும் மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்கு நீங்களே முறையிடலாம். அந்த ஒரு வாரத்தை எண்ணுவதற்குத்தான் திகதி வேண்டும் என்கிறேன். துன்புறுத்துபவர் ஆசிரியராகவே இருந்தால், அதை அறிந்த ஊழியர் உடனே அதிபருக்கும், அதிபர் பாடசாலையை நடத்தும் நகரசபைக்கும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பிரம்படியோடு படித்த நமக்கு இதை நம்புவது சற்றுக் கடினம்தான்.

சந்திப்புக்கு அழைத்தால் மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எனக்கு மொழி போதாத காலத்தில் மகளையே பக்கத்தில் இருத்திப் பேசினேன். ஆசிரியை ஐந்து நிமிடம் சொன்னதை அவள் "எல்லாம் நல்லது, அம்மா" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். அவளுடைய கம்பளித் தொப்பியைப் பிள்ளைகள் பறித்துப் பனிக்குள் புதைத்ததைப் பற்றியே ஆசிரியை பேசியிருக்கிறார் என்பது, பனி உருகி வேலியோரத்தில் அந்தத் தொப்பி தென்பட்ட நாளில்தான் எனக்குத் தெரிந்தது. 2022இல் வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், சில விதிவிலக்கான நிலைமைகள் தவிர, பிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

புட்டை நிறுத்திவிட்டுப் பாண் கொடுக்கலாமா என்பதை மகனிடமே கேளுங்கள். அவன் பாண் விரும்பினால் பாணைக் கொடுத்துவிடுங்கள். ஆனாலும் மூக்கைப் பொத்திய கதையை அதிபருக்கு எழுதும் கடிதத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.