38 வயதில் பட்டப்படிப்பு: கடன் கிடைக்குமா?

கேள்வி: பத்து ஆண்டாக லண்டனில் இருக்கிறோம், நிரந்தர வதிவுரிமை உண்டு. 4, 9 வயதில் பிள்ளைகள். முழுநேரமாகப் படிக்கப் பண உதவி கிடைக்குமா?

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். கல்விக்கட்டணக் கடனுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் ஊரில் வாங்கிய பட்டமும் கணக்கில் வரும். அது இருந்தால் பெரும்பாலும் கடன் மறுக்கப்படும். நர்சிங் போன்ற சில படிப்புகளுக்கே விலக்கு.

குழந்தைப் பராமரிப்பு மானியத்தை விட்டுவிடாதீர்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து, உச்சவரம்புக்குள், செலவில் 85 சதவீதம் வரை தருவார்கள். திருப்பிக் கட்ட வேண்டாம். பராமரிப்பவர் ஆஃப்ஸ்டெட் (குழந்தைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். வீட்டில் பாட்டி பார்த்துக்கொண்டால் கிடையாது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் பராமரிப்புச் செலவு வாங்கினால் இதையும் சேர்த்து வாங்க முடியாது; இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உத்தேசச் செலவை உள்ளதைவிடக் கூட்டி எழுதினால், பிறகு அதிகப்படியைத் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளைகள் உள்ள மாணவர்களுக்கான பெற்றோர் கற்றல் உதவித்தொகையையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.