படியில் பயணம், நொடியில் மரணம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புதுக்கவிதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கவியரங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “வரியை மடக்கிப் போட்டால் கவிதையாகிவிடாது, போய் யாப்பு படி” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். யாப்பு, அதாவது மரபுக்கவிதையின் இலக்கணம், பண்டிதர்களும் மேல்சாதியாரும் போட்டுவைத்த வேலி, எங்கள் பாடு அதற்குள் அடங்காது என்பது என் எண்ணம். புதுக்கவிதை எழுத யாப்பு தெரிந்தாக வேண்டுமா? ஆம் என்றால் எந்தப் புத்தகம்? கவிதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

கட்டாயமில்லை. புத்தகம் என்றால், எடுத்த எடுப்பில் யாப்பருங்கலக் காரிகை என்ற பழைய யாப்பு நூலுக்குள் இறங்க வேண்டாம். பள்ளிப் பாடநூலில் அசை (ஓசைத் துண்டு), சீர் (அசைகள் சேர்ந்தது), தளை (சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டு) பற்றி இருக்கும் சில பக்கங்கள் இப்போதைக்குப் போதும். சபையில் வைத்து அவர் அப்படிச் சொன்னது சரியில்லைதான். ஆனால் எந்தக் கவிஞன் சபையில் அடிபடாமல் வளர்ந்தான்? விடுங்கள்.

வேலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம்.

பள்ளியில் எங்களுக்குத் தமிழ் எடுத்த ஐயா ஒருநாள் நான் வந்த டவுன் பஸ்ஸில் ஏறினார். நான் படியில் தொங்கிக்கொண்டிருந்தேன். காதைப் பிடித்து உள்ளே இழுத்து, மேலே எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். ‘படியில் பயணம் நொடியில் மரணம்.’ “அலகிடுடா” என்றார், அதாவது அசை பிரித்துக் காட்டச் சொன்னார். ‘படி’ நிரையசை, ‘யில்’ நேரசை; மற்ற மூன்றும் அப்படியே. நிரை நேர், நிரை நேர், நிரை நேர், நிரை நேர். நிரை நேர் என்றால் புளிமா, அது ஒரு மாச்சீர்; நான்கும் புளிமா. மாச்சீருக்கு அடுத்து நிரை வந்தால் இயற்சீர் வெண்டளை, வெண்பாவுக்கு உரிய தளை. ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. படி, பயணம் மோனை. படி, நொடி எதுகை. “வெண்பாவுக்கு ஓர் அடி கிடைச்சிருச்சு பார்” என்றார். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டே நின்றார்.

அதை எழுதியவர் காரிகை கற்றுவிட்டா எழுதியிருப்பார்? வாய்க்கு வந்தது, காதுக்குப் பிடித்தது, எழுதிவிட்டார். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் கட்டியவர்களை எந்தப் பண்டிதர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்? வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள். அவளுடைய சொத்தை வேறு யாருக்கோ பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சமூகநீதி பேசுகிறீர்கள்.

ஈழத்தில் மஹாகவி என்றொரு கவிஞர் இருந்தார், 1927இல் பிறந்து 1971இல் மறைந்தவர். ‘தேரும் திங்களும்’ என்ற அவருடைய கவிதை இப்படித் தொடங்குகிறது:

“ஊரெல்லாம் கூடி ஒரு தேர் இழுக்கிறதே
வாருங்கள் நாமும் பிடிப்போம் வடத்தை” என்று
வந்தான் ஒருவன்.

வந்தவன் வடம் பிடிக்கக் கூடாத சாதி. அடிக்கிறார்கள், கல் பறக்கிறது, தேர் நகராமல் நின்றுவிடுகிறது. நிலவுக்குப் போய் வந்தவனும் இவனும் உடன்பிறப்புதானே என்று கேட்கிறது கவிதை. உங்கள் பாடு இதில் அடங்கவில்லையா? இப்போது அலகிட்டுப் பாருங்கள். ஊரெல்லாம் மூன்றசைக் காய்ச்சீர், அடுத்து நேர், அதுவும் வெண்டளை. கூடி மாச்சீர், அடுத்து நிரை. முழுக்க வெண்டளை. ஆனால் படிக்கும்போது வெண்பா என்று தோன்றுகிறதா? பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிடுவது போலத்தானே இருக்கிறது?

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ‘செந்தமிழே, தேனே’ என்று தளை தட்டாமல் நூற்றுக்கணக்கில் எழுதியும் ஒரு கவிதைகூட எழுதாதவர்கள் கவியரங்குதோறும் உண்டு. உங்கள் ஆசிரியர் அந்த ரகமா, தெரியாது. ந. பிச்சமூர்த்தி 1934இல் ‘காதல்’ எழுதியதும், சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்ததும் இந்தச் சலிப்பில்தான். அந்தச் சண்டையை நாம் மறுபடி போட வேண்டாம். ஆனால் புதுக்கவிதை எழுதியவர்கள் எல்லாரும் யாப்பு தெரியாதவர்கள் இல்லை. கவிஞர் ஞானக்கூத்தனை வாய்விட்டுப் படித்தால் பழைய ஓசை உள்ளே ஓடுவது கேட்கும். நீங்கள் வாய்விட்டுப் படிப்பதே இல்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் கவிதை சொல்கிறது.

தண்ணீர்
வராத
குழாயடியில்
நிற்கிறாள்

என்று நான்காக உடைத்திருக்கிறீர்கள். ஏன்? போனில் எண்டர் தட்டுவது சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், ‘தண்ணீர் வராத குழாயடியில் நிற்கிறாள்’. தம்பி, இதுவும் வெண்டளைதான். வேலிக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதிய வரி! உங்களுக்கு நல்ல காது இருக்கிறது, அதை நம்பாமல் துண்டு போட்டிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு வரும் ‘காலத்தின் கொடூரக் கரங்கள்’ தொடங்கி ‘சமூகமே வெட்கப்படு’ வரை மொத்தத்தையும் அடித்துவிடுங்கள். அவள் எத்தனை மணிக்கு வந்தாள், கையில் இருப்பது பிளாஸ்டிக் குடமா எவர்சில்வரா, முன்னால் யார் நிற்கிறார்கள், அதை எழுதி அனுப்புங்கள்.